கொலைக்குப் பின் சொல்லப்பட்ட காரணம்: ஐடா பி. வெல்ஸும் மெம்பிஸ் மளிகைக் கடையும்

29 வயது வரை ஐடா பி. வெல்ஸும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினத்தவரைக் கும்பல் இழுத்துப் போய்த் தூக்கில் போட்டது என்று செய்தி வரும். கூடவே ஒரு காரணமும் வரும்: வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டான். சட்டத்தைக் கையில் எடுத்தது தப்புதான், ஆனால் அப்படியொரு குற்றத்தைக் கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கத்தானே செய்யும், செத்தவன் சாக வேண்டியவனாகவே இருந்திருப்பான் என்று தானும் நினைத்ததாகப் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதினார். இத்தனைக்கும் அவர் கறுப்பினத்தவர், அடிமையாகப் பிறந்தவர், பத்திரிகை ஆசிரியர்.

1892 மார்ச் 9ஆம் தேதி விடிவதற்குள் அந்த நம்பிக்கை போய்விட்டது. அன்று கொல்லப்பட்ட மூன்று பேரில் ஒருவர் அவருடைய நெருங்கிய நண்பர். எந்தப் பெண்ணையும் யாரும் தொடவில்லை. தொட்டதாகப் பொய்க் குற்றச்சாட்டுகூட இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒரு மளிகைக் கடையை நன்றாக நடத்தியது.

வெல்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைத்தான் பேசுவார்கள். துணிச்சலுக்குக் குறைவே இல்லை, கைப்பையில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தலையங்கம் எழுதியவர். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் வேலை செய்த விதம். கொலையை விசாரித்ததோடு அவர் நிற்கவில்லை, கொலைக்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் ஒவ்வொரு தடவையும் விசாரித்தார். அந்த ஒரு பழக்கம் எப்படி வந்தது, அதனால் என்ன நடந்தது, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

முன்கதை, சுருக்கமாக

பிறந்தது 1862 ஜூலை 16, மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸில். அப்பா தச்சர், அம்மா சமையல்காரர். அடிமை முறை ஒழிந்து, குடும்பம் கொஞ்சம் தலைநிமிர்ந்த நேரத்தில் 1878ல் மஞ்சள் காய்ச்சல் வந்தது. அப்பா, அம்மா, கடைசித் தம்பி மூவரையும் கொண்டுபோனது. ஐடாவுக்கு அப்போது 16 வயது. மிச்சமிருந்த பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் விடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். முடியாது, நானே வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பெரியவளாகத் தெரியப் பாவாடையைத் தாழ இறக்கிக் கட்டிக்கொண்டு, மாதம் 25 டாலருக்குக் கிராமப் பள்ளியில் பாடம் சொல்லித்தரப் போனார்.

பிறகு டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரம். ஒருநாள் ரயிலில் பெண்கள் பெட்டிக்கான டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தவரை, புகைபிடிக்கிறவர்களின் பெட்டிக்குப் போகச் சொன்னார் கண்டக்டர். அவர் கையைப் பிடித்து இழுத்தபோது, ஐடா அந்தக் கையைக் கடித்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துதான் அவரைத் தூக்க முடிந்தது. ரயில் கம்பெனி மீது வழக்குப் போட்டு 1884 டிசம்பரில் 500 டாலர் இழப்பீடு வென்றார். 1887ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கே கம்பெனிக்குத் தொல்லை கொடுக்கத்தான் போடப்பட்டது என்றார்கள் நீதிபதிகள். செய்த காரியத்துக்கு இல்லாத ஒரு நோக்கத்தைக் கற்பிக்கும் கலையை அவர் முதலில் பார்த்தது அங்கேதான் என்று எனக்குத் தோன்றும்.

1889ல் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற கறுப்பினப் பத்திரிகையில் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் சேர்ந்தார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று அதில் எழுதியதற்காக 1891ல் பள்ளியில் ஆசிரியர் வேலை போனது. சரி, இனி முழுநேரமும் பத்திரிகைதான். அந்தப் பத்திரிகையைப் பற்றி ஒரு சின்ன விஷயம்: அதை இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துக் கேட்டு வாங்குவார்கள், வேறு பத்திரிகையைக் கொடுத்து யாரும் ஏமாற்ற முடியாது. படிக்கத் தெரியாதவர் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட காலம் அது.

வளைவில் ஒரு கடை

மெம்பிஸின் புறநகரில் டிராம் பாதை சட்டென்று திரும்பும் ஓர் இடம். ஊர்க்காரர்கள் அதை 'வளைவு' என்றே சொன்னார்கள். அங்கே வில்லியம் பாரெட் என்ற வெள்ளைக்காரரின் மளிகைக் கடை போட்டியே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. கறுப்பினத்தவர் சிலர் பங்கு போட்டு எதிரே இன்னொரு கடை திறந்தார்கள். பெயர் 'மக்கள் மளிகை'. அதன் தலைவர் தாமஸ் மாஸ். பகலில் தபால்காரர், இரவில் கடைக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் பிள்ளைகளுக்குப் பைபிள் சொல்லிக்கொடுப்பார். அவருடைய மகள் மோரினுக்கு ஐடாதான் ஞானத்தாய். வாடிக்கையாளர்கள் புதுக் கடைக்குப் போனார்கள். பாரெட்டுக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் தெருவில் கோலிக்குண்டு ஆடிய கறுப்பினச் சிறுவனுக்கும் வெள்ளைச் சிறுவனுக்கும் சண்டை. வெள்ளைச் சிறுவனின் அப்பா வந்து மற்றவனை அடிக்க, பெரியவர்கள் நடுவே வர, கைகலப்பானது. மறுநாள் பாரெட் போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு மக்கள் மளிகைக்குள் நுழைந்தார். கடை ஊழியர் கால்வின் மெக்டவல் தலையில் துப்பாக்கியால் அடித்தார். மெக்டவல் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார், குறி தவறியது. கேஸ் மெக்டவல் மேல்தான் விழுந்தது.

சனிக்கிழமை இரவு கடையைத் தாக்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவியது. இது நகர எல்லைக்கு வெளியே, எங்கள் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது என்று போலீஸ் கைவிரித்தது. கடைக்காரர்கள் ஆயுதத்தோடு காவல் இருந்தார்கள். இரவு பத்து மணிவாக்கில் கடையின் பின்பக்கமாகச் சாதாரண உடையில், துப்பாக்கிகளோடு ஆட்கள் வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கும்பல் என்று நினைத்துச் சுட்டார்கள். மூன்று பேருக்குக் காயம். வந்தவர்கள் மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை வெள்ளைக்கார நாளிதழ்களில் மக்கள் மளிகை மளிகைக் கடையாக இல்லை. குடியும் சூதாட்டமும் நடக்கும் இடம், திருடர்களின் கூடாரம், கடமையைச் செய்யப் போன காவலர்களைப் பதுங்கியிருந்து சுட்ட இடம். இன்னும் யாரும் கொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொலைக்கு முன்பே காரணம் தயாராகிவிட்டது.

கறுப்பினத்தவரை வீடு வீடாகப் புகுந்து கைது செய்தார்கள். கறுப்பினத் தன்னார்வப் படை ஒன்று இரண்டு இரவுகள் சிறைக்கு வெளியே காவல் நின்றது. காயம்பட்ட காவலர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்ததும் ஆபத்து நீங்கியது என்று நினைத்துக் கலைந்தார்கள். அதற்கடுத்த அதிகாலை, முகமூடி போட்ட சுமார் 75 பேர் சிறைக்குள் போய் மாஸ், மெக்டவல், இன்னொரு ஊழியரான வில் ஸ்டூவர்ட் மூவரையும் பிடித்து ஒரு ரயில் எஞ்சினில் ஏற்றி, ஊருக்கு வடக்கே ஒரு மைல் தள்ளித் திறந்தவெளியில் சுட்டுக் கொன்றார்கள்.

ஒரு காலை நாளிதழ் இந்தக் கொலையின் விவரங்களைக் கொடுப்பதற்காகவே அன்றைய பதிப்பைத் தாமதமாக வெளியிட்டது. மாஸ் தன் மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் பிறக்கப் போகும் குழந்தைக்காகவும் உயிருக்கு மன்றாடினார். கடைசியாக என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டபோது, "என் மக்களை மேற்கே போகச் சொல்லுங்கள், இங்கே அவர்களுக்கு நீதி இல்லை" என்றார். இதெல்லாம் அந்தச் செய்தியில்தான் இருக்கிறது. முகமூடி போட்டவர்களைத் தவிர யாரும் இல்லாத இடத்தில் சொன்ன கடைசி வார்த்தை பத்திரிகைக்கு எப்படிப் போனது? யோசிக்க அதிக நேரம் பிடிக்காது. ஆனாலும் யார் மீதும் குற்றப்பத்திரிகை இல்லை. அன்றே கும்பல் மக்கள் மளிகைக்குள் புகுந்து முடிந்த மட்டும் தின்று, குடித்து, மீதியைச் சூறையாடியது. எஞ்சிய சரக்கைக் கடன்காரர்கள் ஏலம் விட்டார்கள். போட்டிக் கடை ஒழிந்தது.

ஐடா அப்போது வேறு ஊரில் இருந்தார். திரும்பி வருவதற்குள் மாஸை அடக்கம் செய்துவிட்டார்கள்.

டிராம் கம்பெனிக்காரர்கள் வந்த நாள்

அவர் எழுதிய தலையங்கம் நேராக விஷயத்துக்கு வந்தது. நம் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தராத, நியாயமான விசாரணையும் தராத ஊர் இது. செய்ய முடிந்தது ஒன்றுதான்: காசைச் சேர்த்துக்கொண்டு வெளியேறுவோம். அப்போதுதான் மேற்கே ஓக்லஹோமாவில் குடியேற நிலம் திறந்துவிட்டிருந்தார்கள். சபை சபையாக, பாதிரியாரோடு சேர்ந்தே மக்கள் கிளம்பினார்கள். சில மாதங்களில் 6,000 பேர் வரை மெம்பிஸை விட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. ஓக்லஹோமாவில் பட்டினி, பாம்பு, பழங்குடியினர் தாக்குதல் என்று வெள்ளைக்கார நாளிதழ்கள் திடீரென்று கறுப்பினத்தவரின் நலனில் அக்கறை காட்டின. ஐடா நேரில் போய் மூன்று வாரம் சுற்றிப் பார்த்து, கண்டதை எழுதினார்.

ஒருநாள் டிராம் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் 'ஃப்ரீ ஸ்பீச்' அலுவலகத்துக்கு வந்தார்கள். கறுப்பினப் பயணிகள் குறைந்துவிட்டார்கள், உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்தி மறுபடி ஏறச் சொல்லுங்கள் என்றார்கள். டிராம் புதிதாக மின்சாரத்துக்கு மாறியிருந்ததால் உங்கள் ஆட்கள் மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்கள் போல என்பது அவர்கள் கணிப்பு. எப்போதிலிருந்து கூட்டம் குறைந்தது என்று ஐடா கேட்டார். ஆறு வாரமாக. ஆறு வாரத்துக்கு முன்னால்தானே மூன்று பேரைக் கொன்றார்கள் என்றார் அவர். அதற்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்க, பேச்சு நீண்டது. அவர்கள் போனதும் அந்த உரையாடலை அப்படியே எழுதி அடுத்த இதழில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களுக்கும் போய், டிராமில் ஏறாதீர்கள் என்று சொன்னார்.

இந்த இடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பேருந்தில் இனப் பாகுபாட்டை எதிர்த்து 1955ல் கறுப்பினத்தவர் நடத்திய மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்புக்கு 60 வருடங்களுக்கு மேல் முன்னால் நடந்தது இது. அமைப்பு இல்லை, தலைமைக் குழு இல்லை. மக்கள் முதலில் தாங்களாகவே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் வந்து சொல்லும்வரை அதன் பலம் இவ்வளவு என்று ஆசிரியருக்கே தெரியவில்லை. நியாயத்தைப் பேசியபோது திரும்பிப் பார்க்காத ஊர், டிக்கெட் காசு குறைந்ததும் படியேறி வந்தது. அந்தப் பாடத்தை ஐடா கடைசிவரை மறக்கவில்லை.

பழைய பொய்

நண்பரின் சாவுக்குப் பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. மாஸ் விஷயத்தில் சொன்னது பொய் என்றால் மற்ற கொலைகளில் சொன்னது மட்டும் எப்படி உண்மையாகும்? பத்திரிகையில் வந்த சம்பவங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். மிசிசிப்பியின் டுனிகாவில் ஷெரிஃபின் ஏழு வயது மகளைக் கெடுத்த முரடனைத் தூக்கிலிட்டார்கள் என்று செய்தி. அங்கே போய்ப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு 17 வயதுக்கு மேல். அவளே அந்த ஆளைத் தேடிப் போய் வந்துகொண்டிருந்தது அப்பாவுக்குத் தெரிந்துபோனது, அதன் பிறகுதான் கொலை. ஒஹையோவில் ஒரு பாதிரியாரின் மனைவி சொன்ன புகாரில் ஒருவருக்கு 15 வருடச் சிறை. நான்கு வருடம் கழித்து மனசாட்சி உறுத்த, விருப்பத்தோடு நடந்ததுதான் என்று அந்தப் பெண்ணே கணவரிடம் ஒப்புக்கொண்டார். அது வட மாநிலம், அதனால் அந்த மனிதர் விடுதலையாக உயிரோடு இருந்தார்.

1892 மே 21ஆம் தேதி இதழில் ஒரு சின்னக் குறிப்பு. போன இதழுக்குப் பிறகு எட்டுப் பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்ற நைந்துபோன பழைய பொய்யை இந்தப் பக்கம் யாரும் நம்புவதில்லை. தெற்கத்திய வெள்ளை ஆண்கள் ஜாக்கிரதையாக இல்லாவிட்டால், தங்கள் வீட்டுப் பெண்களின் நற்பெயருக்குக் கேடான ஒரு முடிவுக்கு ஊர் வந்துவிடும். சாராம்சம் இவ்வளவுதான். கையெழுத்து இல்லை.

மெம்பிஸ் கொந்தளித்தது. எழுதியவர் ஆண் என்று நினைத்துக்கொண்ட ஒரு மாலை நாளிதழ், அவரைக் கம்பத்தில் கட்டி, நெற்றியில் சூடு போட்டு, தையற்காரர் கத்தரிக்கோலால் 'அறுவை சிகிச்சை' செய்ய வேண்டும் என்று அச்சில் எழுதியது. மே 27 அன்று கும்பல் அச்சகத்தை உடைத்து நொறுக்கியது. பங்குதாரர் தப்பியோடிவிட்டார். ஐடா அந்த வாரம் கிழக்கே பயணத்தில் இருந்ததால் பிழைத்தார். நியூயார்க் போய் இறங்கும்போதுதான் செய்தியே தெரியும். ரயில் நிலையத்தில் அவருக்காக ஆள் வைத்திருக்கிறார்கள், பார்த்த இடத்தில் கொல்வார்கள், திரும்ப வராதே என்று நண்பர்களிடமிருந்து தகவல் வந்தது.

எதிராளியின் கணக்கு

'நியூயார்க் ஏஜ்' பத்திரிகையில் வேலை கிடைத்தது. பெயர், இடம், தேதியோடு ஜூன் மாதத்தில் நீண்ட கட்டுரை. அக்டோபரில் நியூயார்க், புரூக்ளின் கறுப்பினப் பெண்கள் கூட்டம் போட்டு நிதி திரட்டிக் கொடுத்தார்கள். மேடையில் பேசும்போது நண்பரை நினைத்துக் கண்ணீர் வந்துவிட்டது, அதைப் பலவீனமாக எடுத்துக்கொள்வார்களோ என்று அவருக்கு வெட்கம். பேனா வடிவில் ஒரு தங்க ஊசியும் அன்று அவருக்குப் பரிசளித்தார்கள். அந்தப் பணத்தில்தான் முதல் சிறுநூல் வந்தது.

அவர் கையாண்ட முறை இதுதான். தன் இனத்தவரின் சாட்சியத்தை வெள்ளைக்கார வாசகர் நம்ப மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் வெள்ளைக்காரர்கள் தாங்களே வெளியிட்டதை மட்டும் எடுத்தார். 'சிகாகோ டிரிப்யூன்' வருடாவருடம் கும்பல் கொலைகளின் பட்டியல் போட்டது. பெயர், ஊர், சொல்லப்பட்ட காரணம் எல்லாம் அதில் இருந்தது. எட்டு வருடத்தில் கொல்லப்பட்ட 728 கறுப்பினத்தவரில் பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர்களே மூன்றில் ஒரு பங்குதான். நிரூபிக்கப்பட்டவர்கள் அல்ல, வெறுமனே சாட்டப்பட்டவர்கள். மற்றவர்கள்? திருட்டு, கொட்டகைக்குத் தீ, மரியாதைக் குறைவாகப் பேசியது, 'காரணமில்லை'. 1895ல் வந்த பெரிய நூலில் 1892ஆம் ஆண்டுக்கு மட்டும் 241 பேர், அதில் 160 பேர் கறுப்பினத்தவர் என்று பட்டியலே போட்டார். கொன்றவர்களின் பத்திரிகையே கொன்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. இன்று தரவு இதழியல் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறோம்.

அவருக்குச் சாந்தம் போதிக்கும் பழக்கமும் இல்லை. கும்பல் பின்வாங்கிய இடங்களெல்லாம் கறுப்பினத்தவர் ஆயுதத்தோடு நின்ற இடங்கள், ஆகவே ஒவ்வொரு கறுப்பின வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று அதே சிறுநூலில் எழுதினார். அவரைக் காந்தியத்தின் முன்னோடியாகக் காட்ட விரும்புகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

'ஆன்டி-காஸ்ட்'டும் இலங்கைக்காரர் ஒருவரும்

1893ல் பிரிட்டனிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் இருவர்: ஆபர்டீனைச் சேர்ந்த எழுத்தாளர் இசபெல்லா மேயோ, சாமர்செட்டைச் சேர்ந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண் கேதரின் இம்பி. இம்பி 1888 முதல் நடத்திவந்த பத்திரிகையின் பெயர் 'ஆன்டி-காஸ்ட்', அதாவது சாதி எதிர்ப்பு. அமெரிக்க நிறவெறியைச் சொல்ல அவருக்குக் கிடைத்த சொல் சாதிதான். பிறப்பால் ஒருவரைத் தாழ்த்தும் எந்த ஏற்பாட்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்பது அவர் கருத்து. 'நிறமும் சாதியும் ஒன்றா' என்று இன்றைக்கும் நடக்கும் வாதம் சாமர்செட் கிராமம் ஒன்றில் அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் சாதி எதிர்ப்பு அணி உடைந்தது எதனால் தெரியுமா? மேயோவின் வீட்டில் இலங்கையிலிருந்து வந்த ஜார்ஜ் ஃபெர்டினான்ட்ஸ் என்பவர் தங்கியிருந்தார். அவரை விரும்புவதாக இம்பி ஒரு கடிதம் எழுதிவிட்டார். ஃபெர்டினான்ட்ஸ் அதை மேயோவிடம் காட்ட, மேயோ வெகுண்டெழுந்தார். இம்பியோடு உறவை முறித்துக்கொள், இல்லாவிட்டால் என் ஆதரவு கிடையாது என்று ஐடாவிடம் சொன்னார். ஒரு காதல் கடிதம் எழுதியது குற்றமாகுமா என்று ஐடாவுக்குப் புரியவில்லை. மறுத்துவிட்டார், பயணம் பாதியில் முடிந்தது. வெள்ளைப் பெண்ணின் விருப்பமும் வெள்ளையல்லாத ஆணும் என்றதும் நல்லவர்களுக்கே என்ன ஆகிறது என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தார்.

1894ல் மறுபடி போனார். இந்தத் தடவை பெரிய வெற்றி. கூட்டங்கள், நாளிதழ்ப் பேட்டிகள், கடைசியில் பிரிட்டனில் ஒரு கும்பல் கொலை எதிர்ப்புக் குழுவே அமைந்தது. மெம்பிஸ் பருத்தியை வாங்குவது பிரிட்டன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மெம்பிஸ் நாளிதழ்கள் முதலில் அவருடைய நடத்தையைப் பற்றிக் கேவலமாக எழுதின. அதே ஆண்டு மெம்பிஸுக்கு அருகே ஆறு கறுப்பினத்தவர் கொல்லப்பட்டபோது, அதே ஊர் வணிகர்கள் கண்டனக் கூட்டம் நடத்தி விதவைகளுக்கு நிதி சேர்த்தார்கள். சிலர் மேல் வழக்கும் வந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது வேறு விஷயம். இரண்டே வருடத்தில் இந்த மாற்றத்துக்கு மனசாட்சி காரணமா, பருத்தி காரணமா என்று கேட்டால், நான் பருத்திப் பக்கம்தான்.

கெய்ரோ

1895ல் சிகாகோ வழக்கறிஞர் ஃபெர்டினான்ட் பார்னெட்டைத் திருமணம் செய்துகொண்டார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே ஊர் ஊராகப் பேசப் போனார். அமைப்புகளோடு அவருக்கு ஒத்துவரவில்லை. 1909ல் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், ஆனால் தொடக்கக் குழுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் முதலில் விடுபட்டது. அந்த மனக்கசப்பு போகவே இல்லை. கடுமையானவர், சேர்ந்து வேலை செய்ய முடியாதவர் என்ற பெயரும் அவருக்கு வந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு என்றே நினைக்கிறேன்.

அதே 1909 நவம்பரில், இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள கெய்ரோ நகரில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஷெரிஃபின் கையிலிருந்து கும்பல் பறித்தது. நடுத்தெருவில், மின்விளக்குத் தோரணத்துக்குக் கீழே தூக்கில் போட்டார்கள். கயிறு அறுந்தது, உடலைத் தோட்டாக்களால் துளைத்தார்கள்.

இல்லினாயில் 1905 முதல் ஒரு சட்டம் இருந்தது. கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்தால் ஷெரிஃபின் பதவி தானாகவே போய்விடும். திரும்ப வேண்டுமென்றால், தன் கடமையை முழுதாகச் செய்ததாக ஆளுநரிடம் நிரூபிக்க வேண்டும். ஷெரிஃப் ஃபிராங்க் டேவிஸ் அப்படி மனுப் போட்டார்.

யாராவது போய் உண்மையைச் சேகரிக்க வேண்டும் என்று கணவர் சொன்னார். ஐடா மறுத்துவிட்டார். ஆண்கள் போகட்டும், நான் போனால் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாள் என்பார்கள் என்று குழந்தையைத் தூங்கவைக்கப் போய், கூடவே தூங்கிவிட்டார். மூத்த மகன், 13 வயதுப் பையன், வந்து எழுப்பினான். "அம்மா, நீங்கள் போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்கள்." மறுநாள் காலை ரயில் ஏறினார்.

கெய்ரோவில் அவருக்கு அதிர்ச்சி. கறுப்பினத்தவரில் பலர் ஷெரிஃபுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கறுப்பினத்தவர் சிலரை வேலைக்கு எடுத்தவர், நல்ல மனிதர், செத்தவன்தான் ஒன்றுக்கும் உதவாதவன். மறுபடியும் அதே பழைய காரணம், இந்த முறை நம் ஆட்களின் வாயிலிருந்து. அவர் கூட்டம் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: அவன் எப்படிப்பட்டவனாகவும் இருக்கட்டும், இதை நீங்கள் ஒத்துக்கொண்டால் நாளைக்கு வேறொருவனை இழுத்துப் போகும்போது என்ன சொல்வீர்கள்? ஷெரிஃபுக்கு எதிரான தீர்மானத்தோடு அவர் மாநிலத் தலைநகருக்குப் போனார்.

விசாரணையில் ஷெரிஃபின் பக்கம் வழக்கறிஞர், செல்வாக்குள்ளவர்களின் கடிதக் கட்டுகள். எதிர்ப்பக்கம் ஐடா, கையில் கணவர் தயாரித்துக் கொடுத்த குறிப்புகள், தான் கெய்ரோவில் திரட்டிய தகவல்கள். ஷெரிஃப் எத்தனை பேரைக் காவலுக்கு அழைத்தார், கைதியைக் காக்க எங்கே எதிர்த்து நின்றார் என்று அடுக்கினார். ஆளுநர் டெனீன் ஷெரிஃபுக்குப் பதவியைத் திருப்பித் தர மறுத்தார்.

அவர் வாழ்க்கையில் சட்டம் முழுசாக வேலை செய்த சில தருணங்களில் இது ஒன்று. காரணம் எளிது: கொலைகாரனைக் கண்டுபிடி என்று சொன்னால் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். இந்தச் சட்டமோ அடையாளம் தெரிந்த ஒருவரின் சம்பளத்தில் கைவைத்தது. டிராம் கம்பெனி கதைதான் மறுபடியும்.

பிறகு

1919ல் ஆர்கன்சா மாநிலத்தின் எலெய்ன் பகுதியில், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் சேர்ந்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். தண்டனை விழுந்தது உயிர்பிழைத்த விவசாயிகளுக்கு, 12 பேருக்குத் தூக்கு. வெள்ளையரைக் கொல்லச் சதி என்பது அதிகாரப்பூர்வக் காரணம். 57 வயதான ஐடா, கைதிகளின் மனைவிமாரோடு உறவுக்காரப் பெண்ணைப் போலச் சிறைக்குள் போனார். அவர்கள் சொர்க்கத்தைப் பற்றிப் பாடினார்கள். சாவைப் பற்றிப் பாடுவதை விட்டுவிட்டு, இந்தக் கதவு திறக்க வேண்டும் என்று கேளுங்கள் என்றார். வெளியே வந்து, அவர்களிடம் பறிக்கப்பட்ட பருத்தியின் மதிப்பு வரை கணக்கெழுதிச் சிறுநூலாக வெளியிட்டார். 1923ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது, பல அமைப்புகளின் உழைப்பு அதில் இருந்தது. 1925க்குள் 12 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சிகாகோவில் ஐடாவின் வீட்டைத் தேடி வந்து, சாவைப் பற்றிப் பாடாதீர்கள் என்று சொன்னீர்களே, அதற்குப் பிறகு நாங்கள் அப்படிப் பாடவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டாட்சி அளவில் கும்பல் கொலைத் தடைச் சட்டம் அவர் காலத்தில் வரவில்லை. 1922ல் கீழவையில் நிறைவேறிய மசோதாவை மேலவையில் தென் மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே சாகடித்தார்கள். சட்டம் வந்தது 2022 மார்ச்சில்.

அவர் இறந்தது 1931 மார்ச் 25. வாழ்க்கை வரலாறு மேசையில் முடியாமல் கிடந்தது. அதை எழுதத் தொடங்கியதே ஒரு இளம்பெண் வந்து, உங்களை எல்லோரும் வீராங்கனை என்கிறார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லையே என்று கேட்டதால்தான். மகள் அதைப் பதிப்பித்து வெளியிட 1970 ஆனது. கடைசிப் பக்கத்தில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. வாக்கியம்கூட இல்லை, ஒரு சொல்லின் நடுவில்.